ஆன்டெனாவை மாற்றும் முன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கிணற்று மோட்டாரைத் தொலைவிலிருந்து இயக்க லோரா (குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் தகவல் அனுப்பும் வானொலி முறை) மாட்யூல் வாங்கிச் சென்றவர்கள் பலர் திரும்பி வந்து, "சிக்னல் எட்டவில்லை, இன்னும் அதிக டிபிஐ உள்ள ஆன்டெனா கொடுங்கள்" என்கிறார்கள். டிபிஐ என்பது ஆன்டெனா அலையை எவ்வளவு குவிக்கிறது என்பதன் அளவு. கேட்டதை எடுத்துக் கொடுத்தால் எங்களுக்கு விற்பனை. ஆனால் குறை பெரும்பாலும் அங்கே இல்லை.

முதலில் கேபிளைப் பாருங்கள். ஆர்ஜி-174 என்ற மெல்லிய ஆன்டெனா கேபிள், 866 மெகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு ஏறக்குறைய 1 டெசிபல் (சிக்னல் இழப்பின் அளவு; 10 டெசிபல் போனால் பத்தில் ஒரு பங்கே மிஞ்சும்) விழுங்கும். 10 மீட்டர் இழுத்தால் மேலே உள்ள ஆன்டெனாவுக்குப் போய்ச் சேருவது பத்தில் ஒரு பங்கு சக்திதான். வரும் சிக்னலுக்கும் அதே கதி. ஆன்டெனாவை மாற்றி இதை ஈடுகட்டுவது கடினம். மாட்யூலையே பிளாஸ்டிக் பெட்டியில் வைத்துக் கம்பத்தின் உச்சியில் பொருத்துங்கள். மின்சார ஒயரும் தகவல் ஒயரும் மட்டும் கீழே வரட்டும். மோட்டார் பேனலின் இரும்புப் பெட்டிக்குள் ஆன்டெனாவை வைக்கவே வேண்டாம்.

அடுத்தது அதிர்வெண். இந்தியாவில் லோராவுக்கு உரிமம் தேவைப்படாத பட்டை 865 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. அதற்கான கால் அலைக் கம்பி (அலைநீளத்தில் கால் பங்கு நீளமுள்ள ஆன்டெனா) 8 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். 433 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவுக்கு அதைப் போல இரு மடங்கு. ரப்பர் உறைக்குள் கம்பியைச் சுருட்டி வைத்திருந்தால் அது எந்த அதிர்வெண்ணுக்கானது என்பதை வெளித்தோற்றம் காட்டாது. கால் அலைக் கம்பிக்குக் கீழே, சுற்றிலும் கம்பியின் நீளத்துக்காவது விரிந்த உலோகத் தகடு வேண்டும். காந்த அடி ஆன்டெனாவைத் தகரத்தின் மேல் வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

டிபிஐ கூடினால் சக்தி பெருகுவதில்லை. உருண்டை மாவைத் தட்டினால் அகலும், தடிமன் குறையும். அலையும் அப்படியே பக்கவாட்டில் நீண்டு, மேலும் கீழும் மெலிகிறது. மேல்நிலைத் தொட்டியின் உச்சியில் 8 டிபிஐ கம்பி ஆன்டெனா வைத்தால் தொட்டியின் அடியிலுள்ள மோட்டாருக்கு எட்டாமல் போகலாம். அங்கே 2 டிபிஐ போதும். ஒரே திசையில் தூரத்துக் கிணறு என்றால் யாகி (ஒரே திசையில் அலையைக் குவிக்கும், பல குறுக்குக் கம்பிகள் கொண்ட ஆன்டெனா) நல்ல தேர்வு. இரு முனையிலும் ஆன்டெனாக் கம்பிகள் (யாகியில் குறுக்குக் கம்பிகள்) நிமிர்ந்தே நிற்கட்டும்.

ஆன்டெனாவை இணைக்கும் திருகு முனைகளில் எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏ என இரு வகை உண்டு; இரண்டும் ஒன்றோடொன்று திருகிக்கொள்ளும். நடுவில் ஊசியும் துளையும் மட்டும் பொருந்தாது. திருகும் முன் உள்ளே பாருங்கள். ஆன்டெனா இல்லாமல் மாட்யூலை அலைபரப்ப விடாதீர்கள், சிப் கெடலாம்.

கடையில் ஆன்டெனாவைச் சோதிக்கும் நானோவிஎன்ஏ கருவி இருக்கிறது. பழைய ஆன்டெனாவைக் கேபிளோடு கொண்டுவாருங்கள், கட்டணமின்றி அளந்து தருகிறோம். நீண்ட கேபிள் குறையை மறைக்கும் என்பதால் ஆன்டெனாவைத் தனியே அளக்க வேண்டும்; உங்கள் அதிர்வெண்ணில் நிலை அலை விகிதம் (ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு அலை திரும்பி வருகிறது என்பதன் அளவு) 2-க்குக் கீழே இருந்தால் அந்த ஆன்டெனாவைப் பெரும்பாலும் மாற்றத் தேவையில்லை.

அன்புடன்,
கடை உரிமையாளர்