நாருக்கும் மார்க் போடுங்கள்

அன்புள்ள ஞாயிறு பாட்டுக்கூட்டத்து நடுவர்களுக்கு,

போன வாரம் நீங்கள் எனக்குப் போட்ட 17 மார்க்கைப் பற்றித்தான் இந்த மடல். கோபத்தில் எழுதவில்லை. சரி, கொஞ்சம் கோபம்தான்.

பிடித்த ஆல்பத்தில் அடுத்தடுத்து வரும் மூன்று பாட்டு, பாட்டுக்குப் பத்து மார்க் என்பது விதி. நான் பீட்டில்ஸ் என்கிற இங்கிலாந்து இசைக்குழுவின் 'அபி ரோடு' எடுத்தேன். 1969 செப்டம்பரில் வந்த ஆல்பம். அதன் இரண்டாம் பக்கத்தில் துண்டுப் பாட்டுகளை ஒன்றோடொன்று தைத்து, சுமார் 16 நிமிடம் ஓடவிட்டிருப்பார்கள். எல்லோரும் எடுப்பது அதன் கடைசி மூன்றை: 'கோல்டன் ஸ்லம்பர்ஸ்', 'கேரி தட் வெயிட்', 'தி எண்ட்'. நம் கூட்டத்திலும் ஒருவர் அதை எடுத்து 28 வாங்கினார். நான் எடுத்தது அதற்கு முந்தைய மூன்று: 'மீன் மிஸ்டர் மஸ்டர்ட்', 'பாலிதீன் பாம்', 'ஷி கேம் இன் த்ரூ த பாத்ரூம் விண்டோ'.

"இதெல்லாம் பாட்டா, துணுக்கு" என்று உங்களில் ஒருவர் சிரித்தார். உண்மைதான். மூன்றும் சேர்ந்து நாலரை நிமிடம் தாண்டாது. முதல் இரண்டும் 1968இல் தியானம் கற்க ரிஷிகேஷ் போனபோது குழுவின் ஜான் லெனன் எழுதி, முடிக்காமல் போட்டு வைத்தவை. தனித்தனியாக வந்தால் நானே ஆறுக்கு மேல் போடமாட்டேன். ஆனால் போட்டி தனிப்பாட்டுக்கு இல்லையே. நீங்கள் பூவை எண்ணினீர்கள், கட்டிய நாரைப் பார்க்கவே இல்லை.

மஸ்டர்ட் என்கிற அந்தக் கஞ்சனுக்குக் கடையில் வேலை பார்க்கும் சகோதரி ஒருத்தி. முதலில் அவள் பெயர் ஷர்லி. அடுத்து வருவது பாமின் பாட்டு என்றானதும் லெனன் அவளையும் பாம் ஆக்கிவிட்டார். ஒரே ஒரு சொல், முடிச்சு விழுந்துவிட்டது. பாமும் பாத்ரூம் ஜன்னலும் ஸ்டூடியோவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் வாசித்துப் பதிவு செய்தவை. லெனன் பாடி முடித்த பிறகு கிட்டார் படிப்படியாக இறங்கும், 'ஏய், பார்த்து!' என்கிற மாதிரி ஒரு குரல் எழும், கால் வைத்த இடம் குழுவின் இன்னொரு பாடகர் பால் மக்கார்ட்னியின் பாட்டாக இருக்கும். ஆள் மாறியது நமக்குத் தெரிவதற்குள் பாட்டு பாதித் தெரு போய்விடும்.

அன்று அந்த இடத்தில், பாட்டு போட்ட கைபேசி ஒரு விநாடி மௌனமாகி அந்த இணைப்பை அறுத்ததைக் கவனித்தீர்களா? என் 17 அங்கேயே முடிவாகிவிட்டது.

28 வாங்கிய நண்பர் மேல் எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் அவருடைய முதல் இரண்டும்கூட ஒன்றாகவே பதிவானவை. 'கேரி தட் வெயிட்' நடுவில், ஆறு பாட்டுக்கு முன்னால் வந்த 'யூ நெவர் கிவ் மீ யுவர் மணி' மெட்டு வேறு வரிகளோடு திரும்பி வருகிறது. அவருக்கு விழுந்த மார்க்கிலும் பாதி நாருக்குத்தான்.

இன்னொரு சங்கதி. என் முதல் பாட்டுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே முதலில் 'ஹெர் மெஜஸ்டி' என்று 23 விநாடிப் பாட்டு ஒன்று இருந்தது. அங்கே அது மக்கார்ட்னிக்குப் பிடிக்கவில்லை. வெட்டித் தூக்கிப்போடச் சொன்னார். டேப் உதவியாளர் ஜான் கர்லாண்டருக்கோ எதையும் எறியக் கூடாது என்று உத்தரவு. அதனால் கொஞ்சம் வெற்று டேப் விட்டு, எல்லாம் முடிந்த பிறகு கடைசியில் ஒட்டி வைத்தார். கேட்டவர்களுக்குப் பிடித்துப்போய் அது அங்கேயே தங்கிவிட்டது. வெட்டிய இடம் இன்றும் காதில் படும்: மஸ்டர்ட் பாட்டின் கடைசி அடி 'ஹெர் மெஜஸ்டி'யின் தலையில் ஒட்டிக்கொண்டு 'தடால்' என்று விழுகிறது. 'ஹெர் மெஜஸ்டி'யின் சொந்தக் கடைசி ஸ்வரம் அந்தப் பக்கம், பாமின் தொடக்கத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

ஆகவே என் கோரிக்கை: மூன்று பாட்டுக்கு முப்பது போடுங்கள், அப்புறம் நடுவே இருக்கும் இரண்டு இணைப்புக்கும் தலா பத்து சேர்த்து ஐம்பதுக்குக் கணக்குப் பாருங்கள். வரும் ஞாயிறு என் பழைய கேசட்டைச் சரியான இடத்துக்கு ரிவைண்ட் செய்து கொண்டுவருகிறேன். 'தி எண்ட்' முடிந்து சத்தமே இல்லாமல் டேப் ஓடும்போது டீக்கு எழுந்துவிடாதீர்கள். 'தடால்' கேட்கும் வரை உட்காருங்கள்.

இப்படிக்கு,
17 மார்க் வாங்கியவன்