புது லேப்டாப் வாங்க அவசரப்படாதே

ரோஸ்ஹில், மொரிஷியஸ்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குச் சிதம்பரத்திலேயே கல்லூரியில் இடம் கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். இங்கே தைப்பூசம் நல்லபடியாக நடந்தது. இந்த முறையும் கோர் தெ கார்ட் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோயிலுக்குத்தான் போனோம். மகன் காவடி எடுத்தான். எனக்கு முழங்கால் இடம் கொடுக்கவில்லை, அடிவாரத்தில் நின்றே கும்பிட்டுக்கொண்டேன். அப்புறம் வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு. அதற்கு மட்டும் முழங்கால் குறுக்கே நிற்கவில்லை.

சரி, உன் லேப்டாப் விஷயம். வைஃபை அடிக்கடி கட்டாகிறது, கடைக்காரர் "பழசாகிவிட்டது சார், புதுசு வாங்கிடுங்க" என்கிறார் என்று எழுதியிருந்தாய். அவர் சொல்லாமல் என்ன செய்வார்! போன வருஷம் எனக்கும் இதே தொல்லைதான். அதே பழைய லேப்டாப்பில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நெட் நின்றதும் எல்லாரும் ரூட்டரை அணைத்துப் போடுகிறார்கள். கையோடு லேப்டாப்பையும் ரீஸ்டார்ட் செய்துவிடுகிறார்கள். இணைப்பு வந்துவிடும், ஆனால் கோளாறு எங்கே என்பது தெரியாமலே போய்விடும். லேப்டாப்பிலிருந்து ரூட்டர் வரை ஒரு பாதை, ரூட்டரிலிருந்து வெளியே இன்னொரு பாதை. இரண்டில் எது அறுகிறது என்று தெரியும் முன்னே எதிலும் கை வைக்கக்கூடாது என்பது என் கட்சி.

விண்டோஸில் கட்டளை அடிக்கும் கமாண்ட் ப்ராம்ப்டை இரண்டு ஜன்னலாகத் திறந்துகொள். ஒன்றில் பிங் (ping) என்று அடித்து, ரூட்டரின் முகவரியைக் கொடு. அந்த முகவரி பதில் தருகிறதா, எவ்வளவு நேரத்தில் என்று அது காட்டும். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். கடைசியில் இடைவெளி விட்டு ஒரு ஹைஃபனும் டி எழுத்தும் (-t) போட்டால் நீ நிறுத்தும் வரை ஓடிக்கொண்டே இருக்கும். மற்றதில் அதேபோல் 8.8.8.8 கொடு, அது வெளியே இருக்கும் கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வர், தளங்களின் பெயருக்கு முகவரி சொல்வது. இரண்டையும் ஓடவிட்டு உன் வேலையைப் பார். கட்டாகும் நேரத்தில் எட்டிப் பார்த்தால் போதும். இரண்டாவது ஜன்னல் மட்டும் படுத்துவிட்டால் கோளாறு வெளியே. இணைப்புக் கொடுத்தவர்களைக் கூப்பிடு, லேப்டாப்பை விட்டுவிடு. முதல் ஜன்னலும் சேர்ந்து படுத்தால் கோளாறு வீட்டுக்குள்ளே. அப்போது அதே நாற்காலியில் உட்கார்ந்து போனில் வைஃபை எப்படி இருக்கிறது என்று பார். போன் நன்றாக ஓடினால் சந்தேகம் லேப்டாப் மேல்தான்.

எனக்கு முதல் ஜன்னலே படுத்தது. 2, 3 மில்லி செகண்ட் என்று வந்துகொண்டிருந்த எண் திடீரென்று 400, 900 என்று ஏறும். பிறகு 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்' என்று வரிவரியாக விழும். போனும் என் அறையில் இழுத்தது, மாடியில் பறந்தது. அப்போதே வீட்டின் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

இந்த ஊர் வீடுகளை நீ பார்த்ததில்லை. 1960-இல் கரோல் புயல் மரவீடுகளையும் தகரவீடுகளையும் வாரிக்கொண்டு போனபிறகு எல்லாரும் கான்கிரீட்டுக்கு மாறினார்கள். கட்டும்போதே மொட்டைமாடியில் கம்பிகளை நீட்டி விட்டுவைப்பார்கள், பிற்காலத்தில் பிள்ளை மேலே கட்டிக்கொள்ளட்டும் என்று. அப்பா விட்ட கம்பியில்தான் என் மகன் மாடி எழுப்பினான். ஃபைபர் வந்து இறங்குவதும் அவன் மாடியில்தான், ரூட்டரும் அங்கேதான். எனக்கும் அதற்கும் நடுவே குறுக்கும் நெடுக்கும் இரும்புக்கம்பி ஓடும் கான்கிரீட் தளம். வைஃபைக்கு 5, 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலை. 5 இதைத் தாண்டித் திணறித்தான் வரும். 2.4 ஓரளவு தாண்டும், ஆனால் வேகம் குறைவு, நெரிசல் அதிகம். அதற்குள் 13 சேனல், அதாவது தடம், இருந்தாலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வழக்கமாக எடுத்துக்கொள்வது 1, 6, 11 என்ற மூன்றைத்தான். அக்கம்பக்கத்து ரூட்டர்களெல்லாம் அதற்குள்தான் இடித்துக்கொள்கின்றன.

எங்கள் ரூட்டர் இரண்டு அலைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தது. லேப்டாப் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருந்தது, தாவும்போதெல்லாம் கட். தனித்தனிப் பெயர் கொடுத்து, கீழ்வீட்டுக்கு 2.4 மட்டும் என்று வைத்ததும் பாதித் தொல்லை போயிற்று.

மிச்சம் லேப்டாப்பின் சிக்கனம். கொஞ்சநேரம் சும்மா விட்டால் பேட்டரியை மிச்சம்பிடிக்க வைஃபை கார்டைத் தூங்க வைக்கிறது. டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டர்ஸ் போய், வைஃபை கார்டைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட்டில் இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடு. புது லேப்டாப் சிலவற்றில் அந்தப் பக்கமே இருக்காது. உன்னுடையதில் இருக்கும், பழசுக்கு அந்த ஒரு சௌகரியம். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகுதான் தொல்லை என்றால் அங்கேயே கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் பழையதுக்குத் திருப்பியும் பார்.

போட்டோ எல்லாம் வைத்திருக்கும் ஹார்ட் டிஸ்க்கை எந்நேரமும் செருகியே வைத்திருப்பாயே, அதைக் கழற்றிவிட்டு ஒரு நாள் பார். யுஎஸ்பி 3.0 எழுப்பும் இரைச்சல் 2.4 அலையில் குறுக்கிடும் என்று 2012-இல் இன்டெல்லே அறிக்கை வெளியிட்டது. கழற்றினால் சரியாகிறது என்றால் நீளமான நல்ல கேபிள் போட்டுத் தள்ளி வை. மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசைதான். சமையலறைச் சுவரை ஒட்டி உட்காராதே.

கடையில் வைஃபையை எட்டச் செய்ய ரிப்பீட்டர் தருகிறேன் என்பார்கள். மலிவானவை ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். என் மகன் கடைசியில் மாடிப்படி ஓரமாக ஒரு லேன் கேபிளை இறக்கி, என் அறையில் அந்தக் கேபிளிலிருந்து வைஃபை கொடுக்கும் சின்ன ஆக்சஸ் பாயின்ட் வைத்துவிட்டான். அதன்பிறகு தொல்லையே இல்லை. சுவரில் கேபிள் தெரிகிறது என்று உன் மருமகள் முகம் சுளித்தால் என்னைக் கைகாட்டிவிடு.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் நேரம் காலை 10 மணிக்கு வீடியோவில் அழைக்கிறேன், எங்களுக்கு அப்போது எட்டரை. அந்த இரண்டு ஜன்னலையும் ஓடவிட்டுக்கொண்டே பேசு. கட்டானால் எது முதலில் படுத்தது என்று பார்த்துச் சொல்.

அன்புடன்,
உன் மொரிஷியஸ்காரன்