முதலில் பாடம், பிறகு குரல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவிரிப் படுகையின் எழுத்தாளர்களையும் வரலாற்று மனிதர்களையும் பற்றிய பழைய நூல்களை இயந்திரக் குரலில் வாசிக்க வைத்து, இலவச ஒலிநூல்களாக வெளியிட வேண்டும் என்று தங்கள் ஞாயிறு மலர்க் கட்டுரை கேட்டிருந்தது. நல்ல ஆசை. ஆனால் கட்டுரை முழுக்கக் குரலைப் பற்றியே பேசியது. எந்தப் பாடத்தை, அதாவது நூலின் எந்த எழுத்து வடிவத்தை, வாசிப்பது என்பதைத் தொடவே இல்லை. இலவச ஒலிநூல்கள் பெரும்பாலும் கெட்டுப்போவது அங்கேதான்.

உரிமை விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1 தொடங்கி 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். 1942-இல் மறைந்த உ.வே.சாமிநாதையர் தம் வாழ்நாளில் வெளியிட்ட நூல்கள் 2003 முதல் எல்லோருக்கும் பொது. 1944-இல் மறைந்த கு.ப.ராஜகோபாலனின் (கு.ப.ரா.) கதைகள் 2005 முதல். சோழர் வரலாறு எழுதிய தி.வை.சதாசிவ பண்டாரத்தார் 1960-இல் மறைந்தார், அவருக்கு 2021. கல்கியைப் போலத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கியவர்கள் என்றால் இந்தக் கணக்கும் தேவையில்லை. தி.ஜானகிராமன் 1982-இல் மறைந்தவர். இந்தக் கணக்குப்படி 2042 முடியும்வரை, உரிமையாளரின் அனுமதி இல்லாமல் அவர் நாவலை முழுசாக வாசித்து ஏற்றுவது, எவ்வளவு அன்போடு செய்தாலும் மீறல்தான்.

இதில் பலர் சறுக்கும் இடங்கள் சில உண்டு. மூலநூல் பொதுவுடைமை என்றாலும், அண்மைப் பதிப்பில் பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரையும் குறிப்புகளும் அவருக்கே சொந்தம். ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. அதுவும் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். நூல் பழையது என்பதால், அதை யாரோ வாசித்து வெளியிட்ட ஒலிநாடாவை எடுத்து ஏற்றிவிட முடியாது. தன்னார்வலர்கள் வாசிக்கும் இலவச ஒலிநூல் தளமான லிப்ரிவாக்ஸ் அமெரிக்கச் சட்டத்தைப் பின்பற்றுகிறது. அங்கே அளவுகோல் வேறு, நூல் வெளியாகி 95 ஆண்டுகள். மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் வந்தது, அதனால் தடையில்லை. 1940-இல் ஆனந்த விகடனில் தொடராகத் தொடங்கிய உ.வே.சா.வின் தன்வரலாறு ‘என் சரித்திரம்’ இந்தியாவில் பொதுவுடைமை. லிப்ரிவாக்ஸில் இப்போதைக்கு ஏற்க மாட்டார்கள்.

இனிப் பாடம். இணையத்தில் கிடைக்கும் தமிழ் நூல்கள் மூன்று நிலையில் இருக்கின்றன: பக்கங்களின் படம் மட்டும், படத்திலிருந்து கணினி தானாக எழுத்துணர்ந்த பாடம், மனிதர் ஒப்பிட்டுத் திருத்திய பாடம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின் நூலகத்தில் பக்கப் படங்கள் ஏராளம். 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் உருவாக்கிய பாடங்கள் உள்ளன. தன்னார்வலர்கள் சேர்ந்து திருத்தும் இணைய நூலகமான விக்கிமூலத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் நிறம் உண்டு. சிவப்பு என்றால் மெய்ப்பு பார்க்கவில்லை, மஞ்சள் என்றால் ஒருவர் பார்த்துவிட்டார், பச்சை என்றால் இன்னொருவரும் சரிபார்த்துவிட்டார். சிவப்புப் பக்கத்தை எடுத்து ஒலியாக்குவதுதான் இன்று பரவலாக நடக்கும் தவறு.

அந்தச் சிவப்புப் பக்கத்தில் என்ன இருக்கும்? பழைய அச்சில் ஆண்டைத் தமிழ் எண்களில் போடுவார்கள். உ.வே.சா.வின் ஆசிரியர் திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மறைந்தது 1876. தமிழ் எண்ணில் ௧௮௭௬. எழுத்துணரும் நிரல் இதைக் ‘கஅஎசு’ என்று படித்து வைக்கும், இயந்திரக் குரலும் ‘க அ எ சு’ என்று கூசாமல் வாசிக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் ‘லை’, ‘ணை’, ‘னை’ எல்லாம் தும்பிக்கை போட்ட வடிவில் இருக்கும். நிரல் அதை விட்டுவிட்டு வேறு எழுத்தைப் போடும். ‘ர’வும் துணைக்காலும் (ா) இடம் மாறும். வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, ரூபாய்க்கு ௹, மேற்படிக்கு ௸ என்று வரும் குறிகள் காணாமலே போகும். ஒரு கடிதத்தின் தேதியும் தொகையும் இப்படித்தான் தொலைகின்றன.

இன்னொன்று மனிதர் தட்டச்சு செய்த பாடத்திலேயே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ‘ஔ’ என்ற ஓர் எழுத்துக்குப் பதில் ‘ஒ’வும் ‘ள’வும் அடித்திருப்பார்கள். திரையில் ‘ஒளவையார்’ சரியாகத்தான் தெரியும். இயந்திரக் குரல் ‘ஒ-ள-வையார்’ என்று வாசிக்கும். ‘கெளரவம்’, ‘பெளர்ணமி’ கதியும் அதுவே. சரி, ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று ‘ெள’ வரும் இடமெல்லாம் ‘ௌ’ ஆக்கினால் நிலைமை மோசமாகும். ‘தெளிவு’, ‘வெள்ளம்’, ‘வெள்ளை’ என எல்லாச் சொல்லும் உடைந்துபோகும். கெளுத்தி மீன்கூடத் தப்பாது. பிழையுள்ள சொற்களை மட்டும் பட்டியலிட்டு, முழுச் சொல்லாகத் தேடி மாற்றுவதே வழி. ஒரு பிற்பகல் வேலை. அதைச் செய்யாமல் வெளியிட்டால் கேட்பவர் முதல் அத்தியாயத்திலேயே நிறுத்திவிடுவார்.

நான் சொல்லும் முறை இது: ஒரு பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள், கூடுமானால் ஆசிரியர் காலத்துப் பதிப்பு. பக்கப் படத்தை ஒரு பக்கமும் பாடத்தை மறுபக்கமும் வைத்து ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர் படத்தைப் பார்த்துவர வேண்டும். அந்தக் காலத்தில் ஏட்டை ஒப்பிட்ட முறைதான். தனியாகக் கண்ணால் மட்டும் ஒப்பிட்டால் மூளை பிழையைத் தானே திருத்திக்கொண்டு போய்விடும். காதில் விழும்போதுதான் அது இடறும்.

பெயர்களுக்குத் தனிப் பட்டியல் வேண்டும். தமிழ் எழுத்தில் வல்லினத்துக்கு ஒரே வடிவம் என்பதால், கோபாலகிருஷ்ண பாரதியார் என்பதில் வருவது ‘கோவிந்தன்’ என்பதன் கோவா, ‘கோவில்’ என்பதன் கோவா என்று இயந்திரத்துக்குத் தெரியாது. வெளியூர் வாசகருக்கும் சில பெயர்கள் தடுமாற்றம்தான். ஊர்ப்பெயர், ஆதீனப்பெயர், ராகப்பெயர் எல்லாவற்றையும் வாசிப்பதற்கு முன்பே குறித்து, ஊர்க்காரர் ஒருவரிடம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும். நூலின் நடுவில் வரும் செய்யுள்களுக்கு இயந்திரக் குரல் உதவவே உதவாது என்பது என் உறுதியான கருத்து. அச்சில் சீர் பிரித்திருக்கும். அப்படியே வாசித்தால் சொல் பாதியில் முறியும். முதலில் ஓசைப்படியும், உடனே சொல் பிரித்துப் பொருள்படியும் இரண்டு முறை மனிதர்தான் வாசிக்க வேண்டும்.

அடிக்குறிப்புகளுக்கும் ஒரு முடிவு வேண்டும். பண்டாரத்தாரின் சோழர் வரலாற்றில் பக்கத்துக்குப் பக்கம் கல்வெட்டு எண்கள் வரும். நடுவில் வாசித்தால் வாக்கியம் அறுந்துவிடும். அடியோடு விட்டால், கல்லில் வெட்டியதைச் சொல்லும் நூல் வெறும் கதையாகிவிடும். அத்தியாயம் முடிந்ததும் அடிக்குறிப்புகளைத் தனிக் கோப்பாகப் போடுவது நல்லது; வேண்டுபவர் கேட்கட்டும். எல்லா நூலும் ஒலிக்கு வராது என்பதையும் சொல்ல வேண்டும். தஞ்சை ஆபிரகாம் பண்டிதரின் ‘கருணாமிர்த சாகரம்’ (1917) மகத்தான நூல்தான். ஆனால் சுருதிக் கணக்கும் அட்டவணையும் நிறைந்தது. அதைப் படமாகப் புரட்டுவதே முறை.

பதிவு செய்வது இவ்வளவு கடினமல்ல. மின்விசிறியை நிறுத்தி, துணி நிறைந்த அறையில், ஒலிவாங்கியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சற்றே பக்கவாட்டில் வைத்தால் ‘ப’ வெடிக்காது. ஆடாசிட்டி இலவச மென்பொருள், அது போதும். மோனோவில் 44.1 கிலோஹெர்ட்ஸ், உச்ச ஒலி மைனஸ் 3 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தாண்டிச் சிதைந்த ஒலியைப் பின்னால் சீராக்குவது கடினம். லிப்ரிவாக்ஸ் கேட்பது 128 கேபிபிஎஸ் எம்பி3, மணிக்குச் சுமார் 58 எம்பி. அதனுடன் 64 கேபிபிஎஸ் பிரதி ஒன்றும் வைத்தால் மணிக்கு 29 எம்பிதான், செல்பேசியில் கேட்பவருக்கு வசதி.

கோப்புப் பெயரில் ஒரு சின்ன விஷயம். ‘என் சரித்திரம்’ 122 அத்தியாயங்கள். 1, 2, 3 என்று எண் போட்டால் பல கருவிகளில் 1-க்கு அடுத்து 10, 100, 101 என்று ஓடும். உத்தமதானபுரத்தில் தொடங்கிய கதை திடீரென்று நூறாம் அத்தியாயத்துக்குத் தாவிவிடும். 001, 002 என்று மூன்று இலக்கமாகப் போட வேண்டும். நூல் முழுவதையும் ஒரே நீளக் கோப்பாக ஏற்றுவது அதைவிடப் பெரிய தொல்லை. நிறுத்திய இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு பக்கத்தில் பிழை தெரிந்தால் மொத்தத்தையும் மறுபடி ஏற்ற வேண்டும். பார்வையற்ற வாசகர்களுக்கு அத்தியாயப் பிரிப்பு வசதி அல்ல, அடிப்படைத் தேவை.

தங்கள் மலரில் இலவச ஒலிநூல்களைத் தொடர்ந்து அறிமுகப்படுத்தப் போவதாகக் கட்டுரையின் முடிவில் குறிப்பிட்டிருந்தீர்கள். ஒவ்வொரு நூலுக்கும் கீழே நான்கு விவரம் போடுங்கள்: எந்த ஆண்டுப் பதிப்பை வாசித்தார்கள், பாடத்தை மனிதர் ஒப்பிட்டாரா, வாசித்தது மனிதரா இயந்திரமா, மொத்தம் எத்தனை மணி நேரம். முதல் விவரம் இல்லாத ஒலிநூலை, குரல் எவ்வளவு இனிமையாக இருந்தாலும், பட்டியலில் சேர்க்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒலிநூல் ஆர்வலர் ஒருவர்,
கும்பகோணம்