யாருக்குப் போனது அந்த வேஷம்?

அன்புள்ள பாப்பா,

நீ ஆசைப்பட்ட வேஷம் உன் தோழிக்குப் போய்விட்டது, அதிலிருந்து அவளோடு பேச்சுவார்த்தையே இல்லை என்று சொன்னாய். கோபம் இருக்கட்டும். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன், கேள்.

2018-இல் ரோஜர் மிஷெல் எடுத்த ஓர் ஆவணப்படம். மேகி ஸ்மித், ஜூடி டெஞ்ச், ஐலீன் அட்கின்ஸ், ஜோன் ப்ளோரைட் என்று இங்கிலாந்தின் நாலு பெரிய நடிகைகள், நால்வரும் எண்பதைத் தாண்டியவர்கள், ஜோன் வீட்டில் உட்கார்ந்து அரட்டை அடிக்கிறார்கள். அவ்வளவுதான் படம். அவர்கள் பேசுகிற வேகம் எனக்குப் பிடிபடவில்லை. கீழே எழுத்து ஓடியதால் பிழைத்தேன்.

ஜோனுக்கு அப்போது கண்பார்வை போய்விட்டிருந்தது. அமெரிக்காவில் இருந்த அவருடைய ஏஜென்ட், ஜூடி டெஞ்ச் கைவைக்காத சின்ன வேஷம் ஏதாவது அகப்படுகிறதா என்று தேடிப் பார்ப்பதாகச் சொன்னாராம். ஜூடியை வைத்துக்கொண்டே ஜோன் இதைச் சொல்ல, ஒரே சிரிப்பு. அந்த இடத்தை மட்டும் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். வெறும் வேடிக்கை இல்லை பாப்பா, கொஞ்சம் உறைப்பும் இருக்கிறது. வயதான நடிகைக்கு வேஷம் வருவதே அபூர்வம். வருவதும் முதலில் ஜூடி வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறது. அந்த ஆற்றாமையை ஊரெல்லாம் புலம்பாமல் அவர் முகத்துக்கு நேரே போட்டு உடைத்துவிட்டார். அப்படிச் சொல்ல எத்தனை வருஷப் பழக்கம் வேண்டும்!

மேகியும் ஜூடியும் 1934 டிசம்பரில் சில நாள் முன்பின்னாகப் பிறந்தவர்கள். 1950-களின் கடைசியில் லண்டன் ஓல்ட் விக் நாடகக் கம்பெனியில் சேர்ந்து நடித்தவர்கள். ஒரே வயது, ஒரே தொழில், போட்டிக்கா பஞ்சம்? மேகியின் கணவர் 1998-இல் இறந்தார், ஜூடியின் கணவர் 2001-இல். அதற்கு அடுத்த வருஷம் டேவிட் ஹேரின் நாடகம் ஒன்றில் இவர்கள் இரண்டு பேர் மட்டும். ஜூடி மனைவி, மேகி அந்தக் கணவனின் காதலி. இரண்டு விதவைகள், இல்லாத ஓர் ஆளுக்காகத் தினமும் மேடையில் மல்லுக்கு நிற்கிறார்கள். திரை விழுந்ததும் என்ன பேசியிருப்பார்கள் என்று அறிய எனக்குக் கொள்ளை ஆசை.

2024 செப்டம்பரில் மேகி போய்ச் சேர்ந்தார். அடுத்த மாதம் செல்ட்னம் இலக்கிய விழா மேடையில் துக்கத்தைப் பற்றிக் கேட்டதும் ஜூடி உடைந்து அழுதுவிட்டார். ஆயிரம் மேடை பார்த்த மனுஷி. 2025 ஜனவரியில் ஜோனும் போய்விட்டார்.

உன் தோழியின் நாடகம் என்றைக்கு? பெருந்தன்மை காட்டி முன்வரிசையில் போய் உட்காரச் சொல்லவில்லை. போன் போட்டு, "எனக்கு வர வேண்டிய வேஷம்டீ அது" என்று நன்றாகத் திட்டு. அப்புறம் வசனம் மனப்பாடமாகிவிட்டதா, ஒத்திகைக்கு எதிரே நின்று படிக்க ஆள் வேண்டுமா என்று கேள்.

அவள் என்ன சொன்னாள் என்று எனக்கும் எழுது.

அன்புடன்,
அம்மா