கதிர்காமப் பாதயாத்திரை வாடிக்கையாளர்களுக்கு: அன்னதான அரிசியும் பொதி வானும் பற்றி

அன்பின் வாடிக்கையாளர்களுக்கும், வருடா வருடம் வேலோடு வந்து எங்கள் கடை வாசலில் களைப்பாறிப் போகும் சாமிமாருக்கும் வணக்கம்.

வழக்கமாக வட்டப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்து, யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் வெளிக்கிட்ட கூட்டம் தெற்கே இறங்கத் தொடங்கிய பிறகுதான் உங்களுக்கு எழுதுவோம். இம்முறை முந்திக்கொள்ள வேண்டியதாயிற்று. காரணம் உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கும் இதற்குள் யாராவது அந்தக் குரல்பதிவை அனுப்பியிருப்பார்கள்.

"திருக்கோவில் கடையில் அன்னதான அரிசியை விற்கிறார்கள்" என்பதுதான் அதன் சாரம். கூடவே ஒரு படம்: மஞ்சள் துணி கட்டிய சம்பா மூடை, எங்கள் முன் தட்டில், விலை எழுதிய அட்டையோடு. விலை கூட்டிவிட்டோம் என்று சொல்லியிருந்தால் தாங்கியிருப்போம். செருப்பு வார் காட்டு வாசலான உகந்தை போகுமுன்பே அறுந்தது என்றால் சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்திருப்போம். முருகன் பெயரில் வந்த அரிசியைத் தின்றவர்கள் என்று சொன்னால் பொறுத்திருக்க முடியவில்லை.

நடந்தது இதுதான். வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் அன்னதானத்துக்கு அனுப்பும் காசுக்கு நாங்கள் அரிசி எடுத்து வைக்கிறோம். விற்பனைக்கு எடுக்கும் அரிசியும் அதே சம்மாந்துறை ஆலையில் இருந்துதான் வருகிறது. அதே மூடை, அதே அச்சு. பிரித்தறியத்தான் தானத்துக்குரியதில் மஞ்சள் துணி கட்டுகிறோம். இந்தப் பழக்கத்தைத் தொடங்கியவர் எங்கள் அப்பா. போன வருடம் உகந்தையில் சமைத்த குழுவினர் சம்பா வேண்டாம், கஞ்சிக்குச் சிவப்புப் பச்சைதான் வேண்டும் என்று மூடைகளைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். நியாயமான கேள்வி. காடு ஏறக் காத்திருக்கும் சனத்துக்குக் காலையில் கஞ்சிதானே கொடுக்கலாம், சம்பாச் சோறா? நாங்கள் பச்சையரிசி கொடுத்தோம். விலையில் மிஞ்சியதற்குப் பருப்பும் தேங்காயும் கொடுத்தோம். திரும்பி வந்த சம்பா எங்கள் சரக்கு. அதைத் தட்டில் வைத்து விற்பதில் என்ன குற்றம்? துணி அவிழ்க்கப்படவில்லை என்பது உண்மை. கடைக்குள் கால் வைக்க இடமில்லாத அந்த நாட்களில் துணி அவிழ்க்க யாருக்கு நேரம்? படம் எடுத்த சாமி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொப்பியைப் புரட்டிக் காட்டியிருப்போம். மாற்றிய மூடைகளுக்கு அந்தக் குழுத் தலைவர் போட்ட கையெழுத்து அதில் இருக்கிறது. இப்போதும் யாரும் வந்து பார்க்கலாம். இனிமேல் தான அரிசி கடைக்குள் வராது. பின்வளவு அறையில் தனியாக இருக்கும், திறப்பு கோயில்காரர் ஒருவரின் கையில். இது பயந்து செய்த ஏற்பாடு அல்ல. மனநிம்மதிக்காகத்தான்.

அந்தக் குரல்பதிவைக் கேட்டுவிட்டு லண்டனில் இருந்தும் கனடாவில் இருந்தும் "அண்ணன், நாங்கள் நம்பவில்லை" என்று அழைத்தவர்களுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சங்கமன்கண்டிப் பிள்ளையாரடியில் தங்கியிருந்த கூட்டத்துக்குள் எங்களுக்காக வாதாடிய மட்டக்களப்பு அம்மாமாருக்கும் அப்படியே. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் டீசலை கியூ.ஆர். அட்டைக்கு அளந்து ஊற்றிய காலத்தில், தங்கள் பங்கு லீற்றரை உங்கள் பொதிகளை ஏற்றும் எங்கள் வானுக்கு விட்டுத் தந்தவர்களும் நீங்கள்தான். அந்த வருடம் ஒரு பொதிகூட நிற்கவில்லை.

வான் என்றதும் அடுத்த விசயம். அதை இத்தனை வருடமும் ஓட்டிய தம்பி கத்தாருக்குப் போய்விட்டார். பொத்துவில், மொனராகலை, புத்தல என்று சுற்றி, நீங்கள் காட்டுக்குள் நடந்து முடிப்பதற்குள் பொதிகளைக் கதிர்காமத்தில் இறக்கி வைப்பவர். எந்தப் பொதி எந்த அம்மாவுடையது என்று துண்டு பார்க்காமலே சொல்வார். அப்படி ஒருவரை இனித் தேடிப் பிடிக்க முடியாது. குடும்பத்தைப் பார்க்க வேண்டும், போயிருக்கிறார். அவரில் எங்களுக்குக் குறை இல்லை. இம்முறை லொறி ஒன்றை வாடகைக்குப் பேசியிருக்கிறோம். ஆகவே பொதிகள் நிறை பார்த்தே ஏற்றப்படும், கிலோவுக்கு 60 ரூபா, திரும்பி வரும் ஓட்டம் இல்லை.

சுமை குறைந்தால் உங்களுக்கும் நல்லதுதான். திருக்கோவிலில் இருந்து கோமாரி, பொத்துவில், பாணமை வரைக்கும் ரோட்டும் கடைகளும் இருக்கின்றன. எது குறைந்தாலும் வாங்கலாம். பாணமைக்கு அப்பால் உகந்தை வரைக்கும் சுமார் 15 கிலோமீற்றர், அதற்குப் பிறகு காடு. வாகூரவட்டை, குமுக்கன், நாவலடி, வியாழை என்று நாலைந்து நாள் நடை. முதல் முறை வருபவர்கள் பை நிறைய உடுப்பைத்தான் அடைகிறார்கள். இரண்டு வேட்டி அல்லது இரண்டு சேலை போதும். மிச்சம் தண்ணீருக்கும் உணவுக்கும் இருக்கட்டும். பிளாஸ்டிக் போத்தலையும் பொலித்தீனையும் உகந்தை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் எவர்சில்வர் போத்தலும் துணிப்பையும் கூடுதலாக எடுத்திருக்கிறோம். அடையாள அட்டையை மறக்க வேண்டாம், வாசலில் பதிவு உண்டு. கச்சான், பேரீச்சம்பழம், சத்துமா, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பக்கற், நோவுக்குப் பூசும் சித்தாலேப எல்லாம் ஒரு சிறு கட்டாகக் கட்டி வைத்திருக்கிறோம். வேண்டியதை மட்டும் பிரித்தும் எடுக்கலாம்.

செருப்பைப் பற்றி எங்களுக்குள் சண்டையே உண்டு. வெறுங்காலோடு நடப்பவர்களின் நேர்த்தியில் தலையிட எங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் பத்து மணிக்கு மேல் அந்த மணல் எப்படிக் கொதிக்கும் என்பது போனவர்களுக்குத் தெரியும். விடியற்புறம் நடந்து, வெயில் ஏறுமுன் ஆற்றங்கரையில் இருந்துவிடுபவர்களுக்குச் செருப்பு தேவையில்லை. பிந்தி எழும்புபவர்கள் ஒரு சோடி வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், விற்பதற்காகச் சொல்லவில்லை. இன்னொன்று: அது பாலைப்பழக் காலம். பழுத்த பாலை மரத்தடியில் நிழல் நல்லாயிருக்கிறது என்று தனியே போய் இருக்காதீர்கள். கரடி அந்தப் பழத்துக்குத்தான் வரும். வேல் போகும் கூட்டத்தை விட்டு முன்னுக்கும் ஓட வேண்டாம், பின்னுக்கும் நிற்க வேண்டாம்.

காட்டுப்பாதை திறக்கும் திகதியை அதிகாரிகள் அறிவித்ததும் கடை வாசலில் எழுதிப் போடுவோம். கூட்டம் ஊருக்குள் இருக்கும் நாட்களில் விடிய நாலு மணிக்கே கடை திறந்திருக்கும், வாசலில் மோர் வழக்கம்போல. பொதிகளில் பெயரையும் ஊரையும் பெரிதாக எழுதித் தாருங்கள். புதிய லொறிக்காரருக்கு உங்கள் முகங்கள் தெரியாது.

அரோகரா.

இப்படிக்கு,
உங்கள் கோயில் வீதிக் கடைக்காரர்,
திருக்கோவில்