காரணமும் சாக்கும்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தேவலை என்று எழுதியிருந்தாய், நிம்மதியாக இருந்தது. இங்கே அனைவரும் நலம். மகள் வேறு வேலைக்கு மாறியிருக்கிறாள். அவள் முகத்தைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. மற்றதை நேரில் பேசுவோம். புதிதாக வந்த பாடங்களை எப்படி நடத்துவது என்று கேட்டிருந்தாய், அதற்கு வருகிறேன்.

காலமெல்லாம் கணக்கு நடத்திய உன் தலையில் பத்தாம் வகுப்புச் சமூகவியலையும் அறவியலையும் கட்டிவிட்டார்கள். எதைக் கேட்டாலும் பிள்ளைகள் "அது அவரவர் பார்வை சார்" என்று முடித்துவிடுவதாக நொந்துகொள்கிறாய். அதைத் தத்துவம் என்று நினைத்துவிடாதே. பெரும்பாலும் அது மரியாதைதான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனோடு எதற்கு மனத்தாங்கல் என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். பேசவிடுவதற்கு முன்னால் எழுதச் சொல். உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களில் செய்த ஆய்வு நினைவிருக்கிறதா? கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் சாதாரண வேலைதான். சுற்றியிருந்தவர்கள் ஒரே குரலில் தவறாகச் சொன்னபோது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பதில்கள் அந்தத் தவறின் பக்கமே சாய்ந்தன. பதிலைத் தனியாக எழுதிக்கொள்ளலாம் என்றதும் அந்தச் சாய்வு வெகுவாகக் குறைந்தது. உன் வகுப்பிலும் அதுவே நடக்கும்.

எனக்கு அச்சம் தருவது வேறொரு பதில். "அவன் என்ன செய்வான், சமூகம் அவனை அப்படி ஆக்கிவிட்டது." நன்றாகச் சமூகவியல் படித்த பிள்ளைதான் இதைச் சொல்லும். ஒருவன் ஏன் அப்படிச் செய்தான் என்று காரணம் காட்டுவதையும், செய்தது போகட்டும் என்று அவனை விட்டுவிடுவதையும் அது ஒன்றாக்கிவிடுகிறது. பதினைந்து வயதில் இந்த வேறுபாடு பிடிபடுவது கடினம். ஐம்பதிலும் நம்மில் பலருக்குப் பிடிபடவில்லை என்பது வேறு கதை.

சமூகவியலையும் அறவியலையும் தனித்தனி அலகுகளாக நடத்துவதால் வரும் வினை இது. இரண்டும் மோதிக்கொள்ளும் இடத்திலிருந்து தொடங்கு. என்னிடம் இருப்பதில் அதற்கு மிகவும் ஏற்றது டார்லி, பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் 1973இல் வெளியிட்ட ஆய்வு. பிரின்ஸ்டனில் இறையியல் படித்துக்கொண்டிருந்த 40 மாணவர்கள். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு உரை நிகழ்த்த வேண்டும். சிலருக்குத் தலைப்பே நல்ல சமாரியன் உவமை: அடிபட்டுக் கிடந்தவனைக் குருவானவர் கண்டும் காணாமல் போக, அந்நியன் ஒருவன் நின்று உதவிய கதை. போகும் வழியில் ஒருவர் வாசலோரம் சுருண்டு கிடந்து இருமுகிறார், முனகுகிறார். அவரை அங்கே கிடத்தியவர்கள் ஆய்வாளர்களே. நேரம் நிறைய இருக்கிறது என்று அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதத்தினர் உதவினார்கள். நேரமாகிவிட்டது, ஓடு என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதத்தினர் மட்டும். எந்தத் தலைப்பில் பேசப் போனார்கள் என்பது குறிப்பிடத்தக்க வேறுபாட்டை உண்டாக்கவில்லை.

முடிவை உடனே சொல்லிவிடாதே. யார் நிற்பார்கள் என்று பிள்ளைகளை ஊகிக்கவிடு. பெரும்பாலோர் அந்த உவமையைப் பற்றிப் பேசப் போனவர்கள்தான் என்று எழுதுவார்கள். எண்களைக் கரும்பலகையில் போட்டதும் வகுப்பு அமைதியாகிவிடும். அப்போது அடுத்த கேள்வியைக் கேள்: "அவசரம்தான் காரணம் என்றால், நிற்காமல் போனவர்மேல் தவறே இல்லையா?" இங்கேதான் வகுப்பு இரண்டாகப் பிளக்கும். என் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "அவரை விரட்டியவருக்கு இதில் பங்கில்லையா?" என்று கேட்டாள். அன்று நான் நடத்த வைத்திருந்த பாடத்தின் பாதியை அவளே நடத்திவிட்டாள். சூழ்நிலையை அமைப்பவருக்கும் பொறுப்பு உண்டு என்ற எண்ணத்துக்கு அவர்களே வந்து சேரும்போது, காரணத்துக்கும் சாக்குக்கும் உள்ள இடைவெளி தானாகத் தெரிகிறது. உன் பங்குக்குக் கணக்கையும் கொண்டுவா. விரட்டப்பட்டவர்கள் 10 பேர். ஆக, அந்த 10 சதவீதம் என்பது ஒரே ஒரு ஆள். இத்தனை சிறிய எண்ணிக்கையை வைத்து எவ்வளவு தூரம் பேசலாம் என்று உன்னைவிட நன்றாக யார் கேட்க முடியும்? அந்த ஒருவர் மட்டும் ஏன் நின்றார் என்றும் கேட்டுப் பார்.

டிராம் வண்டி ஐந்து பேரை நோக்கி ஓடுகிறது, தடம் மாற்றினால் ஒருவர் சாவார் என்ற பழைய புதிரை மட்டும் நம்பி வகுப்புக்குள் போகாதே. 1967இல் தத்துவவியலாளர் ஃபிலிப்பா ஃபுட் அதை எழுதியதற்குத் தக்க காரணம் இருந்தது. வகுப்பறையில் அது விளையாட்டாகிவிடுகிறது; தண்டவாளத்தில் கணக்கு வாத்தியாரைக் கட்டிப்போட்டுச் சிரிப்பார்கள்.

அறச் சிந்தனை வளர்வதைப் படிப்படியாகத் தரம் பிரித்த உளவியலாளர் கோல்பெர்க்கின் ஹைன்ஸ் கதை பரவாயில்லை. மனைவி சாகக் கிடக்கிறாள், மருந்துக்குப் பணம் போதவில்லை, கணவன் திருடலாமா? இதற்கு 11 வயது ஏமி சொன்ன பதிலை உளவியலாளர் கரோல் கில்லிகன் 1982இல் எழுதினார். திருடக்கூடாது, மனைவி சாகவும் கூடாது; கடன் வாங்கலாம், பேசிப் பார்க்கலாம்; அவன் சிறைக்குப் போய்விட்டால் அவளை யார் கவனிப்பது? கோல்பெர்க்கின் அளவுகோலில் இப்படிப்பட்ட பதில் கீழ்ப்படியில் நிற்கும். கேள்வி போட்ட வேலியைத் தாண்டிப் போகும் இத்தகைய பிள்ளை உன் வகுப்பிலும் இருக்கும். அதற்கு மதிப்பெண் குறைத்துவிடாதே.

மதிப்பெண் பற்றி நீளமாகக் கேட்டிருந்தாய். நிலைப்பாட்டுக்கு மதிப்பெண் போடாதே. எதிர்த்தரப்பு வாதத்தை, அந்தத் தரப்பினர் படித்தாலும் "ஆம், இதுதான் எங்கள் வாதம்" என்று சொல்லும்படி எழுதியிருக்கிறதா என்று பார். உன் கருத்தைக் கடைசியில் சொல். கேட்டால் மட்டும் சொல். ஆனால் எல்லாவற்றுக்கும் இரு தரப்பு உண்டு என்று காட்டப் புறப்பட்டு, அடிமைமுறையை ஆதரித்துப் பட்டிமன்றம் நடத்திவிடாதே. சில கேள்விகள் தீர்ந்துபோனவை. எப்படித் தீர்ந்தன என்பதுதான் அங்கே பாடம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மணமுறிவு, கடன், குடி என்று நீ பேசும்போது, அந்த அறையில் யாரோ ஒருவருடைய வீட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பாய். "உங்கள் வீட்டில் எப்படி?" என்று மறந்தும் கேட்காதே. சமூகவியலாளர் தர்கைம் 1897இல் வெளியிட்ட தற்கொலை பற்றிய ஆய்வு பாடநூலில் இருந்தால், சமூகப் பிணைப்பைப் பற்றியும் விகிதங்களைப் பற்றியும் பேசு. முறைகளைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். பள்ளி ஆலோசகரிடம் முதல் நாளே சொல்லி வைத்துவிடு. வகுப்பு முடிந்தபின் மேசையருகே தயங்கி நிற்கும் பிள்ளைக்கு நேரம் ஒதுக்கு. அன்றைக்கு மட்டுமாவது நீ அவசரத்தில் இருக்காதே.

முதல் தேர்வுக்கு வினாத்தாள் தயாரித்ததும் எனக்கும் ஒரு படி அனுப்பு. "சமூகமயமாதல் என்றால் என்ன? 5 மதிப்பெண்" என்று தொடங்கியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்