நடக்கச் சொன்னால் போதுமா?

ஆசிரியருக்கு,

கர்ப்பிணி என்றதும் ‘அசையாமல் படு’ என்பவர்களும் ‘குனிந்து நிமிர்ந்து வேலை செய்தால்தான் சுகப்பிரசவம்’ என்பவர்களும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். மாதத்துக்கு மாதம் உடல் மாறுவதை இரு தரப்புமே கணக்கில் எடுப்பதில்லை.

குமட்டலும் சோர்வும் ஆளை அடித்துப்போடுவது பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில்தான். வயிறு தெரியாததால் பஸ்ஸில் யாரும் எழுந்து இடம் தராத காலமும் அதுவே! நடு மாதங்களில் பலருக்குத் தெம்பு திரும்பிவிடும். பிறகு பாரம் முன்பக்கம் கூடுகிறது. இடுப்பு மூட்டுகளைப் பிணைக்கும் நார்கள் தளர்கின்றன. கால்களை அகட்டி வைத்தே நடக்க முடிகிறது. படி இறங்கும்போது தன் பாதமே கண்ணுக்குத் தெரியாமல், கை கைப்பிடியைத் துழாவுகிறது.

சிக்கலில்லாத கர்ப்பத்தில் வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலியக்கம் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. நல்ல யோசனை. ஆனால் கருப்பை சிறுநீர்ப்பையை அழுத்தும் மாதங்களில், வழியில் கழிப்பறை இல்லாவிட்டால் எவள் துணிந்து நடக்கப் போவாள்? நடைபாதை அமைப்பவர்கள் கழிப்பறையையும், உட்கார ஒரு பெஞ்சையும் வரைபடத்திலேயே சேர்க்க வேண்டும்.

– ஒரு வாசகி